வே ஆஃப் தி சாமுராய் தொடர்: எந்தப் பாகத்தில் நுழைவது? என் முதல் ஆட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது

மூன்றாம்_ஷிப்ட்

வணக்கம். இந்தப் பிரிவில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுவது முதல் தடவை.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவை முடித்தேன். அழகான விளையாட்டு, குறையொன்றும் இல்லை. ஆனால் கதை தண்டவாளத்தில் ஓடுகிறது, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். நான் எடுக்கும் முடிவால் கதையே திசைமாறும் சாமுராய் விளையாட்டு ஏதாவது உண்டா என்று தேடியபோது எல்லோரும் இந்தத் தொடரைத்தான் சொன்னார்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வந்ததும் நான்காம் பாகத்தை வாங்கினேன்.

நடந்தது இதுதான். ஒரு துறைமுக ஊரில் வந்து இறங்கினேன். வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், அரசு ஆட்கள் ஒரு பக்கம், அவர்களை வெட்ட வந்த ரோனின் (எஜமானர் இல்லாத சாமுராய்) கூட்டம் இன்னொரு பக்கம். யார் நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை. நானும் குழம்பிப்போய் வாளை உருவி, கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டினேன். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தேன், அப்புறம் செத்தேன். முதலிலிருந்து தொடங்கு என்கிறது!

என் கேள்விகள்: நான்கிலிருந்து தொடங்கியது தவறா? பாகங்களுக்குள் கதைத் தொடர்பு உண்டா? வழிகாட்டி வைத்துக்கொண்டு ஆடுவதா, சும்மா ஆடுவதா?

பழைய_மெமரிகார்டு

வாருங்கள். முதல் ஆட்டத்தில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறீர்கள், பரவாயில்லை. நான் முதன்முதலில் ஆடியபோது பாலத்தைத் தாண்டவே இல்லை.

கதைத் தொடர்பு கிடையாது. ஒவ்வொரு பாகமும் வேறு ஊர், வேறு காலம், வேறு ஆள். முதல் பாகம் 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. அக்வயர் என்ற ஜப்பானிய நிறுவனம் செய்தது, ஸ்பைக் வெளியிட்டது. ஜப்பானில் அதற்குப் பெயர் வெறும் 'சாமுராய்'தான். இரண்டாவது 2003, மூன்றாவது 2008, நான்காவது 2011. எல்லாவற்றிலும் வரும் ஒரே பெயர் தோஜிமா, வாள் செய்யும் கொல்லர். மூன்றாம் பாகம் 15-16-ஆம் நூற்றாண்டுப் போர்க்காலத்தில் நடக்கிறது, நான்காவது 1855-இல், முதலாவது 1878-இல். மனிதர் முந்நூறு வருடமாகப் பட்டறையை மூடவில்லை. எந்தப் பாகத்திலும் காரணம் சொல்லமாட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இதே அக்வயர்தான் அதற்கு முன்னால் 1998-இல் டென்சு என்ற நிஞ்சா விளையாட்டைச் செய்தது. பிற்பாடு ஸ்கொயர் எனிக்ஸோடு சேர்ந்து ஆக்டோபாத் டிராவலரும் செய்தார்கள். இரண்டையும் ஒரே கை செய்தது என்றால் நம்புவது கடினம்.

பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடர் எப்படிப்பட்டது என்பது அந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. முதல் பாகம், ரொக்கோட்சு கணவாய். பையில் காசில்லாத, பெயர் தெரியாத ரோனின் நீங்கள். நடந்து வருகிறீர்கள். பாலத்தின் மேல் சுசூ என்ற பெண்ணைச் சிலர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குத் தலைவன் போல ஒருவன், தலையில் குடை விரித்தாற்போல சுருட்டை முடி. 1878-ஆம் வருட ஜப்பானில் அந்தத் தலை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பெயர் டோனா டோனா. வேறு எந்த விளையாட்டாக இருந்தாலும் அடுத்து என்ன? நீங்கள் காப்பாற்றுவீர்கள், அவள் நன்றி சொல்வாள், கதை ஓடும். இங்கே தடுக்கலாம், கண்டும் காணாமல் நடையைக் கட்டலாம், அந்த அடாவடிக்காரர்கள் பக்கமும் சாயலாம். எதைச் செய்தாலும் விளையாட்டு உங்களைத் திட்டாது, "தவறான தேர்வு" என்று சிவப்பெழுத்தில் காட்டாது. சரி, நீ இப்படிப்பட்ட ஆளா, அப்படியானால் உன் கதை இது என்று அடுத்த காட்சிக்குப் போய்விடும்.

நான் முதல் தடவை வீரமாகத் தடுத்தேன். அடி வாங்கிச் செத்தேன். இரண்டாவது தடவை தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நடந்தேன். அந்த வெட்கம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கடலோரக்_காற்று

நான்கில் தொடங்கியது தவறே இல்லை. நானும் அதில்தான் தொடங்கினேன். கணினியில் 2015-இல் கோஸ்ட்லைட் நிறுவனம் கொண்டுவந்த பதிப்பு. கையாளவும் அதுதான் எளிது. கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும், கீபோர்டில் ஆடினால் விரல் பின்னிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். நான்காம் பாகத்தில் இரவில் பெண்களின் வீட்டுக்குள் பூனைநடை போட்டு நுழையும் குட்டி விளையாட்டு ஒன்று உண்டு. ஹாலில் பெரிய டிவியில் ஆடிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, "என்னடா, திருடப் போறியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் மரியாதையான பதில். ஹெட்ஃபோனும் தனி அறையும் நல்லது.

மட்டுறுத்துனர்

முடிவுகளைப் பற்றிப் பேசலாம். ஆனால் மூன்று, நான்காம் பாகங்களில் யார் சாகிறார்கள், யார் துரோகி என்று பெயர் சொல்ல வேண்டாம். கேட்பவர் இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறார்.

உறைவாள்

என் ஓட்டு மூன்றாம் பாகத்துக்கு. அமானா என்ற கற்பனை நாடு, போர்க்காலம். பழைய சகுராய் குலத்தைக் கவிழ்த்துவிட்டு ஃபுஜிமோரி ஷூசென் ஆட்சியில் உட்கார்ந்திருக்கிறான். சகுராயின் மிச்சமிருக்கும் ஆட்கள் ஓகா என்ற பெயரில் திரண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது தகதானே கிராமம். நீங்கள் போர்க்களத்தில் குற்றுயிராகக் கிடந்து எழுந்து வருகிறீர்கள். மூன்றில் எதோடும் சேரலாம், எதிலும் சேராமலும் திரியலாம். இருபதுக்கு மேல் முடிவுகள்.

ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பது முடிவுகளின் எண்ணிக்கைக்காக அல்ல. இரண்டு பொத்தான்களுக்காக.

மற்ற விளையாட்டுகளில் தேர்வு என்றால் திரையில் மூன்று வரி வரும், ஒன்றைத் தொட வேண்டும். இங்கேயும் அது உண்டு. அதோடு, காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் வாளை உருவலாம். அவர் வாக்கியம் பாதியில் நிற்கும். அல்லது மண்டியிடலாம். ஜப்பானியர்கள் தோகெசா என்பார்கள்: முழங்காலை மடித்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, நெற்றி மண்ணில் படக் குனிவது. நம் ஊர்க் காலில் விழுதல் மாதிரி ஆசீர்வாதத்துக்காக அல்ல, மானத்தைக் கழற்றி வைத்து மன்னிப்புக் கேட்பது. சண்டை நடுவிலும் செய்யலாம். சிலர் வாளைத் தாழ்த்திவிடுவார்கள். சிலர் மதிக்கமாட்டார்கள்.

ஒரு தடவை, நான்கு பேர் சூழ்ந்து நிற்க, என்னிடம் இருந்த வாள் ஒடியும் நிலையில் இருந்தது. மண்டியிட்டேன். ஒருவன் திட்டிவிட்டு விலகிப்போனான். இன்னொருவன் விடவில்லை. எழுந்து அவனோடு மட்டும் சண்டை போட்டேன், வாளின் முதுகுப் பக்கத்தால். ஆமாம், மூன்றில் வாளைத் திருப்பிப் பிடித்து, வெட்டாமல் அடித்து வீழ்த்தலாம். ஆள் சாகமாட்டான், மயங்குவான். ஊர் முழுக்க ஒருவரையும் கொல்லாமல் ஆடி முடிக்க முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது, ஆனால் மூன்று வாரம் பிடித்தது.

மெனுவில் வரும் தேர்வில் எனக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. இந்தப் பொத்தான்கள் எப்போதும் கைக்குக் கீழேயே இருக்கின்றன, எப்போது அழுத்த வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பேச்சு நடக்கும் நேரமெல்லாம் வயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும்.

அரைத்தூக்கம்

எல்லோரும் புகழ்வதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

இந்த விளையாட்டுகள் அப்படியொன்றும் நன்றாகச் செய்யப்பட்டவை அல்ல. மூன்றாம் பாகத்தின் நிலப்பரப்பு வந்த காலத்திலேயே பழசாகத் தெரிந்தது. கேமரா மூலையில் சிக்கிக்கொள்ளும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால் காத்திருப்புத் திரை. ஊருக்குள் கிடைக்கும் சில்லறை வேலைகள் பெரும்பாலும் இவனை அடி, அவனைத் தேடு, இதைக் கொண்டுபோய்க் கொடு. இருபது முடிவு என்கிறீர்கள், அவற்றில் பல கடைசி அரைமணி நேரத்தில் பிரிபவை. அதே காட்சிகளை ஐந்தாம் முறை பார்க்கும்போது பொத்தானை அழுத்தித் தள்ளிக்கொண்டே போகிறோம்.

கேட்பவருக்குத் தேர்வும் வேண்டும், நல்ல சண்டையும் வேண்டும் என்றால் 2024-இல் வந்த ரைஸ் ஆஃப் தி ரோனின் இருக்கிறது. டீம் நிஞ்சா நிறுவனம் செய்த சண்டை. யோகோஹாமா, எடோ, கியோட்டோ. ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) பக்கமா, எதிர்ப்பக்கமா என்று கதை பிரியும். எடுத்த முடிவு பிடிக்கவில்லையென்றால் பழைய பணிக்குத் திரும்பிப்போய் மாற்றியும் பார்க்கலாம்.

உறைவாள்

கடைசி வரிதான் எனக்குப் பிரச்சினை. திரும்பிப்போய் மாற்றலாம் என்றால் அது எப்படித் தேர்வாகும்? சட்டைக் கடையில் அளவு போட்டுப் பார்ப்பது மாதிரிதானே!

அரைத்தூக்கம்

நீங்களும்தான் முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். அது மட்டும் திரும்பிப் போவது இல்லையா?

பழைய_மெமரிகார்டு

நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன், ஏன் என்று சொல்லிப்பார்க்கிறேன்.

இந்தத் தொடரில் கடிகாரம் உங்களுக்காக நிற்பதில்லை. முதல் பாகத்தின் மொத்தக் கதையும் இரண்டு நாள். இரண்டாம் பாகத்தில், அமஹாரா என்ற ஊரில், பத்து நாள். திருவிழா ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழத்தெருவில் கரகாட்டம், மேலத்தெருவில் நாடகம், கோயில் வாசலில் யாரோ இரண்டு பங்காளிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் கரகாட்டத்தில் நின்றால் மற்ற இரண்டும் உங்களுக்காகத் தள்ளிவைக்கப்படாது. நடந்து முடிந்துவிடும். மறுநாள் காலையில் யாராவது சொல்லித்தான் தெரியும். கணவாயிலும் அப்படித்தான். நீங்கள் கொல்லர் பட்டறையில் நிற்கும்போது ஊரின் இரும்பாலைப் பக்கம் ஒருவர் செத்துப்போயிருப்பார். அடுத்த காட்சியில் அவரைப் பற்றிப் பேசுவார்கள், உங்களுக்கு ஆள் யாரென்றே தெரியாது.

அடுத்த ஆட்டத்தில் அந்த நேரத்துக்கு ஆலைக்குப் போவீர்கள். அப்போது பட்டறையில் நடப்பது போய்விடும். ஆக, மாற்றிப் பார்ப்பதற்காக மறுபடி ஆடுவதில்லை, ஊரின் மறுபக்கத்தைப் பார்ப்பதற்காக ஆடுகிறோம். ஒரு சுற்று இரண்டு மூன்று மணி நேரம்தான் என்பதால் இது நடக்கிறது. இதே அமைப்பு அறுபது மணி நேர விளையாட்டில் இருந்தால் நானும் அரைத்தூக்கம் சொல்வதைத்தான் சொல்வேன்.

அப்புறம் வாள் விஷயம். முடித்த ஆட்டத்தில் நீங்கள் சுமந்துவந்த வாள்கள் அடுத்த ஆட்டத்துக்கு வரும். முதல் பாகத்தில் நடுவில் செத்தால் கையில் இருந்த வாள்கள் போச்சு, அவ்வளவுதான். இது தெரியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே. ஒரு நல்ல வாள் கிடைத்தது. தோஜிமாவிடம் காசைக் கொட்டிக் கொட்டி அதன் கூர்மையை ஏற்றினேன். எனக்கோ தடுப்பது மட்டும்தான் தெரியும். எதிரி அடிக்க, நான் தடுக்க, அவன் அடிக்க, நான் தடுக்க. ஒவ்வொரு தடுப்புக்கும் வாளின் சூட்டு அளவு ஏறும், நிறைந்தால் வாளின் உறுதி ஒரு படி குறையும், உறுதி தீர்ந்தால் ஒடியும். இதைக் கையேட்டில் படிக்கவில்லை, கையேடு இல்லாமல் வந்த விளையாட்டுத் தட்டு. பரீட்சை விடுமுறை முழுக்க வளர்த்த வாள் ஒரு சாதாரண அடியாளின் முன்னால் இரண்டாக ஒடிந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். எதிரி வெட்டும் அந்தக் கணத்தில் தடுப்பதோடு சேர்த்து முன்னால் தள்ளவோ பின்னால் இழுக்கவோ செய்தால் அவன் நிலைகுலைவான். எந்த வெட்டுக்குத் தள்ளுவது, எதற்கு இழுப்பது என்று ஒவ்வொரு வாள்முறைக்கும் வேறு. இதைக் கற்றுக்கொண்ட பிறகு விளையாட்டே வேறு. கத்திச் சண்டை என்பது சத்தமாக இருக்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், யாரும் அசையவில்லை, ஒருவன் வெட்டுகிறான், ஒருவன் விழுகிறான்.

கடலோரக்_காற்று

முதல் பாகம் இப்போது எங்கே கிடைக்கும்?

பழைய_மெமரிகார்டு

கணினிக்கு வரவில்லை. பிளேஸ்டேஷன் 2 தட்டுதான். பி.எஸ்.பி (கையடக்க பிளேஸ்டேஷன்) பதிப்பு ஜப்பானில் மட்டும் வந்தது. மூன்றாவதும் நான்காவதும் ஸ்டீமில் இருக்கின்றன, மூன்றாவது கணினிக்கு வந்தது 2016-இல். இரண்டாவதும் பிளேஸ்டேஷன் 2-தான், வெளிநாடுகளில் காப்காம் வெளியிட்டது. பட்டினியில் தெருவில் விழுந்து கிடக்கும் சாமுராய்க்கு ஒரு சின்னப் பெண் சோற்று உருண்டை கொடுப்பதில் தொடங்கும். அந்தத் தொடக்கத்துக்காகவே பிடிக்கும்.

மெய்ஜி_பித்து

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். விளையாட்டில் நான் சுமார்தான், வரலாறு கொஞ்சம் படிப்பேன், அதனால் ஒரு விஷயம்.

முதல் பாகத்தை 1878-இல் வைத்திருப்பது சும்மா இல்லை. 1868-இல் ஷோகுன் ஆட்சி போய், பேரரசர் மெய்ஜியின் பெயரில் புதிய அரசு வந்தது. 1871-இல் பிரபுக்களின் நாடுகளைக் கலைத்தார்கள். 1873-இல் கட்டாய ராணுவச் சேவை: உழவன் மகனும் துப்பாக்கி பிடிக்கலாம், அதற்குச் சாமுராய் குலத்தில் பிறக்க வேண்டியதில்லை. 1876-இல் இரண்டு அடி ஒரே வருடத்தில். தெருவில் வாள் அணியத் தடை வந்தது. பரம்பரையாக வாங்கிவந்த மானியத்தை நிறுத்திக் கையில் கடன்பத்திரத்தைக் கொடுத்தார்கள். மறுவருடம் சாய்கோ தகமோரி தலைமையில் சட்சுமா கிளர்ச்சி. 1877 செப்டம்பரில் அவர் செத்தார், கிளர்ச்சி முடிந்தது. 1878 மே மாதம் அரசின் முக்கியப் புள்ளி ஓகுபோ தோஷிமிச்சியை முன்னாள் சாமுராய்கள் டோக்கியோவில் வெட்டிக் கொன்றார்கள்.

இப்போது அந்தக் கணவாய்க்கு வாருங்கள். நடந்து வருபவன் இடுப்பில் வாள் வைத்திருக்கிறான். சட்டப்படி அதுவே குற்றம். ஊரில் ஓர் இரும்பாலை. அதைச் சுற்றித்தான் இழுபறி: நொடித்துப்போன குரோ குடும்பம், அரசை எதிர்க்கும் அகதாமா கூட்டம், அரசுப் படை, எல்லோரிடமும் அடி வாங்கும் ஊர்மக்கள். வாள் செய்த இரும்பு இனி துப்பாக்கிக்குப் போகப்போகிறது. யாரோடு சேர்ந்தாலும் இவன் வகை மனிதர்களுக்கு இன்னும் சில வருடம்தான். விளையாட்டு இதை வசனமாகச் சொல்வதில்லை, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். எந்தக் கட்சியைத் தேர்ந்தாலும் இவன் தோற்றவன்தான் என்று தெரிந்துகொண்டு ஆடினால் அந்தப் பாலமே வேறு மாதிரி தெரியும்.

நான்காம் பாகம் 1855. அதிலுள்ள அமிஹாமா கற்பனை ஊர். ஜப்பானைத் திறக்கச் சொல்லி அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் நான்கு கப்பல்கள் உராகாவுக்கு வந்தது 1853. பிரிட்டனோடு உடன்படிக்கை 1854 அக்டோபர், திறந்தது நாகசாகியும் ஹகோடாடேயும். யோகோஹாமா திறந்தது 1859-இல்தான். ஆக, 1855-இல் ஒரு துறைமுக ஊரில் ஆங்கிலேயர்கள் இப்படிக் கூட்டமாக உலாவுவது வரலாறு இல்லை, கேலிக்கூத்து. கேலிக்கூத்தாகப் பார்த்தால் குறையில்லை.

அரைத்தூக்கம்

இதைப் படித்த பிறகு முதல் பாகத்தை மறுபடி ஆடத் தோன்றுகிறது. என்னை மயக்கிவிட்டீர்கள். கேமராவைப் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கமாட்டேன்.

மூன்றாம்_ஷிப்ட்

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் பாகத்தையும் வாங்கிவிட்டேன். வழிகாட்டி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

கடலோரக்_காற்று

வேண்டாம். நான் நான்காம் பாகத்தில் செய்தேன். பத்து முடிவுக்கும் ஒருவர் எழுதிய வழிகாட்டியை ஃபோனில் திறந்து வைத்துக்கொண்டு, மதியம் இங்கே போ, சாயங்காலம் அங்கே போ, இரண்டாவது வரியைத் தேர்ந்தெடு. கோனார் நோட்ஸ் படித்துப் பரீட்சை எழுதியது மாதிரி இருந்தது. மார்க் வந்தது, பாடம் நினைவில்லை. முதல் மூன்று சுற்றையாவது கண்ணை மூடிக்கொண்டு ஆடுங்கள், அப்புறம் விட்டுப்போனதைத் தேட வழிகாட்டியைத் திறக்கலாம்.

உறைவாள்

நானும் அதேதான். கூடவே சில: தொடக்கத்தில் எளிய நிலையில் வைத்து ஆடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உணவு எதையாவது பையில் வைத்திருங்கள். சாப்பிட்டால் உயிர் ஏறும். கிடைக்கும் வாள்களையெல்லாம் விற்காதீர்கள், தோஜிமாவிடம் பாகம் பாகமாகச் சேர்த்துச் சொந்த வாள் அடிக்கலாம். முதல் சுற்றில் ஒரே கட்சியோடு ஒட்டிக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் நல்லவராக நடந்தால் எந்தக் கதையும் முழுதாகக் கிடைக்காது.

மூன்று முடித்த பிறகு 2020-இல் வந்த கட்டானா காமி பக்கம் போகலாம். அது கிளைக்கதை விளையாட்டு அல்ல, மேலிருந்து பார்த்துக்கொண்டு குகைகுகையாக இறங்கி வாள் சேர்ப்பது. ஆனால் அதே ரொக்கோட்சு கணவாய், அதே தோஜிமா. பெயரைப் பார்த்து அதில் தொடங்கிவிடாதீர்கள். 2005-இல் வந்த சாமுராய் வெஸ்டர்ன் என்று இன்னொன்று, அமெரிக்கக் கௌபாய் ஊரில் வாளோடு ஓடுவது. அது தனிப் பைத்தியக்காரத்தனம்.

மூன்றாம்_ஷிப்ட்

பத்து நாள் கழித்து வருகிறேன். நான்கு சுற்று முடித்தேன், சொல்ல வேண்டியது இரண்டாவது சுற்று.

முதல் சுற்றில் உறைவாள் சொன்னபடி ஒரே கட்சி, ஃபுஜிமோரி. ஒழுங்காக வேலை செய்தேன், ஒரு முடிவு வந்தது, சரி என்று இருந்தது. இரண்டாவது சுற்றில் தகதானே கிராமத்தோடு சேர்ந்தேன். அங்கே ஒருவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெயர் சொல்லவில்லை, மட்டுறுத்துனர் அடிப்பார். அவருக்காகத்தான் அந்தச் சுற்றையே ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இரவுப்பணி முடித்து விடியற்காலையில் வந்து உட்கார்ந்தேன். அவர் ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த டீயை எடுக்கக் கையை நீட்டினேன். மடியில் இருந்த கன்ட்ரோலர் நழுவியது, பிடித்தேன், பிடித்த இடத்தில் அந்தப் பொத்தான். வாள் உறையிலிருந்து வந்துவிட்டது.

பேச்சு நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பொம்மை முகம்தான், பழைய விளையாட்டு, அரைத்தூக்கம் சொன்ன மாதிரி அசைவுகூடச் சரியில்லாத முகம். இருந்தாலும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. "ஐயோ இல்லைங்க" என்று வாய்விட்டே சொன்னேன், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மண்டியிடலாம் என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் வாளை உருவினார், பக்கத்தில் இருந்தவர்களும் உருவினார்கள். தடுத்தேன், தடுத்தேன், ஒரு கட்டத்தில் கை பழகின வேலையைச் செய்துவிட்டது. வாளின் முதுகால் அல்ல.

பழைய சேமிப்புக்குத் திரும்பியிருக்கலாம். தொடக்கத்தில் நான் கேட்டது என் முடிவால் மாறும் கதை, இதுவோ டீயால் மாறியது. ஆனாலும் விட்டுப்போக மனம் வரவில்லை, அப்படியே ஆடினேன். கிராமம் என்னை விரட்டியது. போக இடமில்லாமல் ஓகா பக்கம் போனேன். அவர்கள் நம்பாமல் வேலை கொடுத்தார்கள். முதல் சுற்றில் நான் பார்க்கவே இல்லாத காட்சிகளாக வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒரு முடிவு கிடைத்தது, நல்ல முடிவா கெட்ட முடிவா என்று எனக்கே தெரியவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

அரைத்தூக்கம்

கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கலாமே.

பழைய_மெமரிகார்டு

மூன்றாவது சுற்றில் அவரைப் பார்த்தீர்களா?

மூன்றாம்_ஷிப்ட்

பார்த்தேன். ஒன்றும் நடக்காதது போல ஊருக்குள் நடந்துகொண்டிருந்தார். அருகில் போய், யாரும் கேட்காமலே, நெற்றி தரையில் படும்படி குனிந்தேன். அவர் எதற்கென்று தெரியாமல் அந்தப் பக்கம் போய்விட்டார். எழுந்து தோஜிமாவின் பட்டறைக்கு நடந்தேன், போன சுற்றின் வாள் இன்னும் இடுப்பில் இருந்தது.